கத்தாமல் ஒரு வரி

இன்னொரு தடவை போயிடலாம் தம்பி என்கிறார் தணிகை அண்ணன், ஹெட்போன் வழியாக, நேராக என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு. இது ஒன்பதாவது இன்னொரு தடவை. குரலில் கோபமே இல்லை, அதுதான் சங்கடம், திட்டினாலாவது திருப்பி முறைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆடிக்கு அம்மன் பாட்டு, கார்த்திகைக்கு ஐயப்பன் பாட்டு என்று இருபது வருஷமாக இந்தச் சாலிகிராமத்து மாடியறையில் பதிவு செய்கிற மனிதர். சுருதி சேராத பக்தர்களை எத்தனையோ பார்த்திருப்பார், அவர்களில் நானும் ஒருவன். தூங்கினேன்ல மட்டும் கொஞ்சம் எறங்குது, மத்ததெல்லாம் ஜோர், என்கிறார். மற்றதெல்லாம் என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. மூணு வருஷம் முழிச்சிருந்தேன், நீ செத்த அன்னைக்கு, நல்லா தூங்கினேன். பல்லவி அவ்வளவுதான். முதல் இரண்டு வரியில் எப்படியோ ஏறிவிடுகிறேன், 'நல்லா' வரைக்கும் நிற்கிறேன், 'தூங்கினேன்' வந்ததும் குரல் தன்பாட்டில் கீழே போய்விடுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டான்லி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறான், கிட்டார் அவன், மெட்டும் அவனுடையது. அவனுக்குப் பின்னால் சோபாவில் உதயா, பாஸ் கிட்டார் வாசிக்கிறவன், செல்போனில் எதையோ தள்ளிக்கொண்டிருக்கிறான், இந்தப் பாட்டுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதை உட்காரும் விதத்திலேயே சொல்லிவிடுகிறான். ஏசியை அணைத்துவிட்டார்கள், அதன் சத்தம் மைக்கில் ஏறுமாம். பதினாறு வருஷம் நாங்கள் போட்ட சத்தத்தில் ரயிலே உள்ளே வந்து போயிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும், மைக் கம்பத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு வெறுங்காலோடு நின்று வியர்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் எங்கள் குழுவின் பெயர் 'நெரிசல்' என்று சொன்னதும் எந்தக் கோயில் திருவிழாவுக்கு என்று கேட்டார் தணிகை அண்ணன். உதயா ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான், அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. அவன் மேல் தப்பில்லை. நாங்கள் வாசித்தது ஹார்ட்கோர். அது என்னவென்று என் டைல்ஸ் கடை முதலாளி கேட்டபோது சொன்னேன், மூன்று பேர் எவ்வளவு வேகமாக வாசிக்க முடியுமோ அவ்வளவு வேகமாக வாசிப்பார்கள், நான் அதன்மேல் ஏறி நின்று கத்துவேன், ஒரு நிமிஷத்துக்குள் பாட்டு முடிந்துவிடும் என்று. காசு கொடுத்து வருவாங்களா என்றார். வந்தார்கள். அம்பத்தூரில் மெக்கானிக் ஷெட், வேப்பேரியில் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு ஹால், ஒரு முறை கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம். கீழே நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளுவார்கள், யாராவது விழுந்தால் உடனே நாலு கை தூக்கி நிறுத்திவிடும், அது எழுதாத சட்டம், சாமி ஊர்வலத்தில்கூட அந்த ஒழுங்கைப் பார்த்ததில்லை. மாறியது ஒரே நாளில் இல்லை. ஒரு பாட்டின் நடுவே ஸ்டான்லி நாலு நொடிக்கு மெட்டு மாதிரி எதையோ நுழைத்தான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்ததில் எட்டு நொடி. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று உதயா சொன்னான், அது நடந்துவிட்டது. டிரம்ஸ் வாசிக்கிற ரியாஸுக்கு முதுகு பிடித்துக்கொண்டு வேகம் குறைந்தது. எனக்குத் தொண்டை. டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு என்ன வேலை என்றார், டைல்ஸ் கடை சார் என்றேன், டைல்ஸ் விக்க இவ்ளோ கத்தணுமா என்று கேட்டார். மனசாட்சியோடு சொல்வதென்றால் நாங்கள் வளர்ந்தோம், திருந்தினோம், கலையில் அடுத்த கட்டம் போனோம் என்பதெல்லாம் ஸ்டான்லி பேட்டியில் சொல்கிற கதை. களைத்துவிட்டோம். முப்பத்தாறு வயதில் வேகமாகப் போக உடம்பு ஒத்துழைக்கவில்லை, மெதுவாகப் போனால் மெட்டு வந்துவிடுகிறது, வேறு வழியில்லை. அதற்குப் பாப் பங்க் என்று ஒரு பெயர், எமோ என்று இன்னொரு பெயர். மாமாக்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள் என்று யூடியூபில் எங்கள் பாட்டுக்குக் கீழே ஒருவன் எழுதியிருந்தான். பெயர் எதுவாக இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. கத்துகிறபோது வார்த்தை யாருக்கும் கேட்காது. இது குறை இல்லை, வசதி. பதினாறு வருஷத்தில் ஒருவன்கூட என்னிடம் வந்து நீ என்ன சொன்னாய் என்று கேட்டதில்லை, நான் ஏதோ சொல்கிறேன், அது கோபம், அவர்களுக்கும் கோபம், போதும். 'ராத்திரி ஷிப்ட்' எங்கள் பாட்டுகளில் பேர் வாங்கியது, ஐம்பத்திரண்டு வினாடி, கடைசியில் எல்லோரும் ஏய் ஏய் என்று கை உயர்த்துவார்கள். அது போலீஸை எதிர்த்து எழுதின பாட்டு என்று பெங்களூரில் ஒருவர் கட்டுரையே போட்டார். தொழிலாளர் பிரச்சினை என்று இன்னொருவர். நான் மறுக்கவில்லை, மறுத்தால் அப்புறம் எதைப் பற்றி என்று கேட்பார்கள். முந்நூறு மேடையிலாவது கத்தியிருப்பேன், நீ செத்த அன்னைக்கு நல்லா தூங்கினேன் என்று, தொண்டை நரம்பு புடைக்க, முன்வரிசையில் இருப்பவன் முகத்துக்கு நேராக, அவனும் சந்தோஷமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பான். ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் சொல்ல ஒரு இடம் கிடைத்திருந்தது எனக்கு. போன மாதம் நுங்கம்பாக்கத்தில் வாசித்தபோது முன்னால் நின்றது கல்லூரிப் பிள்ளைகள், தோளில் தோள் சாய்த்துக்கொண்டு, யாரும் யாரையும் இடிக்கவில்லை, புதுப் பாட்டின் ஒவ்வொரு வரியையும் என்னோடு சேர்ந்து பாடினார்கள். வார்த்தை பிசகாமல். பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியது, நான் மைக்கை விட்டு ஒரு அடி பின்னால் போனேன். அவர்கள் என்னையே பார்த்துப் பாடுகிறார்கள், நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்கிறார்கள். அதற்கு மறுநாள்தான் ஸ்டான்லி போன் செய்து 'ராத்திரி ஷிப்ட்'டை மெட்டுப் போட்டுப் பண்ணலாமா மச்சி, வார்த்தை மட்டும் எழுதிக் கொடு என்று கேட்டான். பக்கத்தில் நின்று பதினொரு வருஷம் கிட்டார் வாசித்தவனுக்கே வார்த்தை தெரியாது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். கடையில் கொட்டேஷன் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று இன்னும் தெரியவில்லை. நின்றபடியே படித்தான், நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். நாலு நாள் கழித்து மெட்டு போனில் வந்தது, குடோனில் பெட்டிகளுக்கு நடுவே நின்று கேட்டேன். மூன்று நிமிஷம் இருபது வினாடி. அவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று பயமாக இருந்தது.

பத்தாவது. முன்பே பதிவு செய்த கிட்டார் ஹெட்போனில் ஆரம்பிக்கிறது, மெல்ல, ஒவ்வொரு தந்தியாக. ஸ்டான்லி இப்படி வாசிப்பான் என்று யாராவது பத்து வருஷம் முன்பு சொல்லியிருந்தால் உதைத்திருப்பான். மூணு வருஷம் முழிச்சிருந்தேன். மூன்று வருஷம் இரண்டு மாதம், மெட்டில் இரண்டு மாதம் உட்காராது. அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, ரயில்வேயில் ஃபிட்டர், ஓய்வுபெற நாலு வருஷம் பாக்கி. பகல் அம்மா, ராத்திரி நான், எங்கள் அயனாவரம் வீட்டில் அதுதான் ஷிப்ட். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வைத்துவிடும். தண்ணீர் மெத்தையில் அவரைப் புரட்டும்போது அது தளும்பும், பவுடர் வாசனையும் மூத்திர வாசனையும் கலந்து ஒரு வாசனை, இப்போதும் குழந்தைப் பவுடர் விளம்பரம் வந்தால் சேனலை மாற்றிவிடுவேன். பேச்சு போய்விட்டது, மிச்சம் இருந்தது ஒரே சத்தம், ஹா என்று தொண்டையிலிருந்து. தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், சும்மா கூப்பிடவும் அதுதான். மனோதத்துவம் படித்த யாரிடமாவது சொன்னால் துள்ளிக் குதிப்பார்கள், அதனால்தான் நீ கத்துகிறாய் என்று. அப்பா விழுவதற்கு இரண்டு வருஷம் முன்பிருந்தே நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் வைத்துக்கொண்டா நடக்கிறது. அவர் கெட்ட மனிதர் இல்லை, அடித்ததில்லை, குடித்ததில்லை, சம்பள நாளில் பக்கோடா வாங்கி வருவார். கெட்டவராக இருந்திருந்தால் இந்தப் பாட்டு எளிது, பாதி உலகம் அப்பனைத் திட்டித்தான் பாடுகிறது. நான் அவரைத் திட்டவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது. சில ராத்திரி அந்தச் சத்தம் வரும், நான் விழித்தபடியே அசையாமல் கிடப்பேன், பத்து வரைக்கும் எண்ணுவேன், அவராகவே அடங்கிவிடுவாரா என்று. சில சமயம் அடங்கிவிடுவார். அதை நான் எந்தப் பாட்டிலும் எழுதவில்லை.

நல்லா. இந்த 'நல்லா'தான் பிரச்சினை. சுமாராகத் தூங்கினேன் என்றிருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. விடிகாலை நாலு மணிக்கு உயிர் போனது. சித்தப்பாவுக்குப் போன் செய்தேன், ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன், சாமியானாக்காரனுக்குச் சொன்னேன், வாயைக் கட்டினேன், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினேன், எட்டு மணிக்கு உள்ளறையில் அரிசி மூட்டை பக்கத்தில் ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்தேன். மூன்று மணிக்குத்தான் எழுந்தேன். ஏழு மணி நேரம். வெளியே பறை அடித்திருக்கிறார்கள், சொந்தமெல்லாம் வந்து ஒப்பாரி வைத்திருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாது. கனவுகூட இல்லை. அப்படி ஒரு தூக்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, எழுந்ததும் உடம்பில் ஒரு சுகம், பசித்தது, நல்ல நாள் மாதிரி இருந்தது. அப்புறம்தான் அப்பா வாசலில் இருப்பது ஞாபகம் வந்தது. கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது முகம் வீங்கியிருந்தது, அழுது வீங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வழியில் நின்ற பெண்கள் எல்லாம் என்னைப் பார்த்து அழுதார்கள்.

'தூங்கினேன்' வந்ததும் இறங்கிவிட்டேன். மறுபடியும். தணிகை அண்ணன் சின்னதாகக் கனைக்கிறார். நான் தண்ணீர் குடிக்கிறேன், வெந்நீர், பிளாஸ்க்கில் தானே கொண்டுவந்து வைத்திருக்கிறார். இந்த மரியாதைக்கு எனக்குத் தகுதி இல்லை. பயம் எனக்கு ஊரைப் பற்றி இல்லை. அம்மா. இந்தப் பாட்டு வெளியே வந்தால் சித்தப்பா மகள் லில்லி அடுத்த நிமிஷம் குடும்ப வாட்சப்பில் போடுவாள், எங்கள் அண்ணன் பாடியது என்று இரண்டு இதயம் சேர்த்து. அம்மா போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பாள். இதுவரை போட்டதைக் கேட்டுவிட்டு எனக்கு ஒண்ணும் புரியலடா, ஆனா ரொம்ப கஷ்டப்படுற என்பாள், அதோடு சரி. இது புரியும். அம்மாவிடம் ஒரு கதை இருக்கிறது, பதினொரு வருஷமாகக் கல்யாணத்தில், வளைகாப்பில், துக்க வீட்டில், எங்கே நாலு பேர் கூடினாலும் சொல்லுவாள். அப்பன் போன அதிர்ச்சியில என் புள்ள பேச்சு மூச்சில்லாம விழுந்துட்டான், தண்ணி தெளிச்சும் எழுந்திரிக்கல, அவனும் கூடவே போயிடுவானோன்னு பயந்துட்டேன். கேட்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் தலையைக் குனிந்துகொள்வேன், அடக்கம் என்று அதையும் சேர்த்துக்கொள்வார்கள். பிள்ளை என்றால் நம்ம பரிதி மாதிரி இருக்கணும் என்று எங்கள் சொந்தத்தில் என்னை வைத்து ஒரு பேச்சே உண்டு. என் கல்யாணம்கூட அந்தப் பேச்சில்தான் நடந்தது, பெண் வீட்டில் முதலில் விசாரித்தது அதைத்தான். அம்மாவுக்கு அந்த மூன்று வருஷத்திலிருந்து மிஞ்சிய நல்லது அந்த ஒரு கதை. நான் போய் மூன்று நிமிஷம் இருபது வினாடி நிதானமாக, வார்த்தை வார்த்தையாக, கிட்டாரோடு, அது பொய் என்று அவளுக்குப் பாடிக் காட்டப் போகிறேன்.

ஒரு வார்த்தைதான். 'செத்த' என்பதை எடுத்துவிட்டு 'போன' என்று வைத்தால் போதும். நீ போன அன்னைக்கு நல்லா தூங்கினேன். எவளோ விட்டுப் போய்விட்டாள், இவன் நிம்மதியாகத் தூங்கினான், முடிந்தது, எமோ என்றால் பாதி அதுதானே, கல்லூரிப் பிள்ளைகள் இன்னும் நன்றாகப் பாடுவார்கள். மூணு வருஷம் முழிச்சிருந்தேன் என்பதும் பொருந்திவிடுகிறது, காதலுக்காக. இவ்வளவு எளிதாகப் பொருந்தும் என்று நினைக்கவே இல்லை. போலாம்ணே என்கிறேன். கிட்டார் வருகிறது, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பாடுகிறேன், போன என்று பாடுகிறேன், 'நல்லா' வருகிறது, 'தூங்கினேன்' வருகிறது, குரல் இருக்க வேண்டிய இடத்தில் சும்மா போய் உட்கார்ந்துகொள்கிறது, எந்தச் சிரமமும் இல்லாமல். அட்சர சுத்தம் தம்பி என்று தணிகை அண்ணன் மேசையைத் தட்டுகிறார், இதத்தானே ஒன்ற மணி நேரமா கேட்டேன். பொய் சொன்னதும் சுருதி சேர்ந்துவிட்டது, இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது. ஸ்டான்லி தாளம் போடுவதை நிறுத்திவிட்டான். என்னோடு பேசுகிற பட்டனை அழுத்துகிறான், அவன் மூச்சு கேட்கிறது. வார்த்தை மாறிடுச்சு மச்சி என்கிறான். தெரியும் என்கிறேன். உனக்கு ஓகேன்னா எனக்கு ஓகே என்கிறான், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்போது உதயா போனை சோபாவில் வைத்துவிட்டு எழுந்து வருகிறான். இன்றைக்கு அவன் எழுந்ததே இல்லை. இந்த மெட்டு, இந்த அழுகை, இந்தப் பாட்டு எல்லாம் அவனுக்கு நாங்கள் செய்த துரோகம், இதற்கா ஆரம்பித்தோம் என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் கேட்கிறான், பழைய சட்டையையே போட்டுக்கொண்டு வருகிறான். ஸ்டான்லியின் தோளுக்கு மேல் குனிந்து பட்டனை அழுத்துகிறான். விடு மச்சி, பழைய மாதிரியே கத்திடலாம் என்று சொல்லப் போகிறான் என்று நினைக்கிறேன், சொன்னால் சரி என்று சொல்லிவிடலாம் என்றுகூட ஆசையாக இருக்கிறது.

"பரிதி, மொதல்ல செத்தன்னு பாடினியே, அது உங்கப்பாவா?"

கண்ணாடி வழியாக என் தலை ஆடுவது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"பதினொரு வருஷம் இதுக்கு பாஸ் வாசிச்சிருக்கேன்டா. இப்பதான் கேக்குது." அவன் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. "அன்னைக்கு உன்ன எழுப்பினது நான்தான். தோளத் தொட்டதும் ஷோ எத்தனை மணிக்குன்னு கேட்ட. நான் யார்கிட்டயும் சொல்லல."

எனக்கு அது ஞாபகமே இல்லை. எழுப்பியது சித்தப்பா என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உதயாவும் ஒரு பக்கம் பாடைக்குத் தோள் கொடுத்தான், அது ஞாபகம் இருக்கிறது, கறுப்புச் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அவன் போய் மறுபடியும் சோபாவில் உட்கார்ந்துகொண்டான், போனை எடுக்கவில்லை. செத்தன்னே பாடு என்று அங்கிருந்தே சொல்வது உதட்டசைவில் தெரிகிறது. இவனுக்கு ஒரு மத்தியானம் கேட்டதில் விளங்கிவிட்டது என்றால் அம்மாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும். ஹெட்போனைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டுகிறேன். அஞ்சு நிமிஷம்ணே என்று சைகை காட்டிவிட்டு வெளியே வருகிறேன். படிக்கட்டில் கீழ்க்கடை தையல் மெஷின் ஓடுகிற சத்தம், எதிர்ச் சுவரில் யாரோ காயப்போட்ட பாவாடை. கால் சுடுகிறது, செருப்பைப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. லில்லி போட்டு அம்மா கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது. அல்லது அம்மா வேண்டாம் என்று சொன்னால் 'போன' என்றே இருக்கட்டும், சுருதியும் சேர்ந்துவிட்டது. யாராவது எனக்காக முடிவு செய்தால் நன்றாக இருக்கும், அவ்வளவு அலுப்பு. அம்மாவுக்குப் போன் போடுகிறேன், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுகிறாள். சாப்பிட்டாயா என்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன், சாப்பிடவில்லை. தண்ணீர் லாரி வரவில்லையாம், பக்கத்து வீட்டில் மோட்டார் எரிந்துவிட்டதாம், மாவரைக்க ஊறப்போட்டது புளித்துப்போகப் போகிறதாம். எல்லாவற்றுக்கும் உம் போடுகிறேன். அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு பாட்டு பாடுகிறேன்மா, அதில் அப்பா வருகிறார் என்கிறேன். நல்லது தானே என்கிறாள். வரியைச் சொல்கிறேன். பாடவில்லை, கத்தவும் இல்லை, படிக்கட்டில் நின்று சாதாரணமாகச் சொல்கிறேன், என் வாயிலிருந்து அதை அப்படி நானே கேட்டதில்லை. மயக்கம் எல்லாம் இல்லைம்மா, தூங்கத்தான் செய்தேன் என்கிறேன்.

அந்தப் பக்கம் டிவி சத்தம் நிற்கிறது. அவள்தான் அணைத்திருக்க வேண்டும்.

"கொறட்டை விட்டியேடா," என்கிறாள் அம்மா. "வாசல் வரைக்கும் கேட்டுச்சு. அரக்கோணம் அத்தை என்ன சத்தம் அதுன்னு கேக்குது, பொணத்த வச்சுக்கிட்டு நான் என்ன சொல்லட்டும். மயக்கம் போட்டுட்டான், மூச்சு அப்படி இழுக்குதுன்னு சொன்னேன். அப்புறம் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு."

நான் படியில் உட்கார்ந்துவிடுகிறேன். பதினொரு வருஷம். எத்தனை கல்யாணம், எத்தனை வளைகாப்பு, ஒவ்வொரு இடத்திலும் அவள் சொல்லச் சொல்ல நான் தலை குனிந்தேன், குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டே அவளும் சொல்லியிருக்கிறாள். உனக்குக் கோபம் இல்லையா என்று கேட்க வாயெடுக்கிறேன். ராத்திரியெல்லாம் நீதானே பார்த்துக்கொண்டாய் என்கிறாள், எனக்கு மட்டும் தூக்கமா வந்தது, அவர் சத்தம் போடுகிறபோதெல்லாம் நீ எழுந்துகொள்கிறாயா என்று கேட்டுக்கொண்டே கிடப்பேன், நீ எழுந்துகொள்ளாத அன்று என்னவோ ஏதோ என்று எண்ணிக்கொண்டு கிடப்பேன் என்கிறாள். அதுவும் தெரிந்திருக்கிறது. பத்து வரைக்கும் நான் எண்ணியபோது சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது, எதற்கென்று ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சரி, பாடவா என்று மட்டும் கேட்கிறேன். நடந்ததைத்தானே பாடுகிறாய், பாடு என்கிறாள், அத்தை இப்போது இல்லை, கேட்க ஆளில்லை. போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை. அவள் குரல் தாழ்ந்துவிட்டது, வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை, ஆனாலும் தாழ்ந்துவிட்டது.

"எடுத்துட்டுப் போனீங்க இல்ல, நீங்கள்லாம் சுடுகாட்டுக்கு. வீட்டக் கழுவி விட்டாங்க. தலைக்கு ஊத்திக்கிட்டு அவர் கட்டில் இருந்த எடத்துல படுத்தேன், வெறுந்தரையில. நீங்க வந்ததே எனக்குத் தெரியாது. மறுநாள் பால் ஊத்தப் போறப்பதான் எழுந்தேன்." பாத்திரம் ஒன்றை நகர்த்துகிற சத்தம். "அவ்ளோ தூக்கம்டா பரிதி. அத மட்டும் பாட்டுல போட்டுடாத."

போட மாட்டேன்மா என்கிறேன். சத்தியமா என்கிறாள். சத்தியமா என்கிறேன். ஊறப்போட்டது புளித்துவிடும் என்று வைத்துவிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் அந்த ஒரு தூக்கத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு, காலையில் காபி சாப்பிட்டுக்கொண்டு, பால்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். சிரிப்பு வருகிறது, பிறகு அது சிரிப்பாக இல்லை, கீழே தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறார், ஒன்றுமில்லை என்று கை காட்டுகிறேன். சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறேன். தணிகை அண்ணன் ஏசியை அணைக்கிறார், ஸ்டான்லி கையைத் தொடையில் வைத்துக்கொண்டான், உதயா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். கிட்டார் வந்தது, 'செத்த' என்றே எடுத்தேன். அம்மா தூங்கியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பாடினேன்.